பழைய மோட்டார் காருக்கு டயர் தெரிந்தெடுக்கும் விதம்

நமது இராமநாதபுரம் ஜில்லாவில் நிலம் வைத்திருப்பவர்களில் அநேகர் இக்காலத்தில் ஒரு காரோ ஜீப்போ வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் புதிய வண்டியன்று. பட்டணத்திலுள்ள மகன் பன்னிரண்டு வருஷம் ஓட்டியபின் ஊருக்கு அனுப்பிவைத்த மாருதியாகவாவது, ஏலத்தில் எடுத்த ஜீப்பாகவாவது, தகப்பனார் காலத்து அம்பாஸடராகவாவது இருக்கும். முண்டு மிளகாய் மூட்டைகளைப் பரமக்குடிக்குக் கொண்டுபோகவும், விதையும் உரமும் ஏற்றி வரவும், அவசரத்தில் நோயாளியை மதுரைக்கு அழைத்துச் செல்லவும் அது உதவுகிறது. மற்ற நாட்களில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. இப்படி நிற்கும் நாட்கள் மிகுதியாகவும் ஓடும் நாட்கள் குறைவாகவுமுள்ள வண்டிக்கு எவ்வித டயர் வாங்குவது என்று, பயிர் விஷயமாக யோசனை கேட்க வருகிறவர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கின்றனர். டயர் விவசாய இலாகாவைச் சேர்ந்த சரக்கன்று. ஆயினும், தவறான டயரால் ஒரு குடும்பத்துக்கு நேரும் நஷ்டம் பூச்சி விழுந்த வெள்ளாமையைக் காட்டிலும் பெரிதாகலாம் என்பதை நேரில் கண்டவனாதலால், அறிந்தவற்றை இங்கு எழுதத் துணிந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில், தொண்டிப் பக்கம் வயல்களைப் பார்த்துவிட்டு என் பழைய மாருதி 800 காரில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இராமநாதபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் இரண்டு குடியானவர்கள் இருந்தனர். தேவிபட்டினம் தாண்டியதும் பின்புறத்து இடது டயர் வெடித்தது. வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக வீசிற்று. நான் பதற்றத்தில் பிரேக்கை அழுத்தினேன். அது பெருந்தவறு. வண்டி சுழன்று சாலையை விட்டு இறங்கிச் சீமைக் கருவேல் புதரில் மோதி நின்றது. பின்னால் அமர்ந்திருந்த பெரியவருக்குத் தோள் எலும்பு முறிந்து, இரண்டு மாதம் வயற்பக்கம் போகக்கூடாமற் போயிற்று. எதிரில் பஸ் ஒன்றும் வராதது எங்கள் நல்ல காலம்.

பின்னர் அந்த டயரை எடுத்துப் பார்த்தேன். பனைமட்டையிலிருந்து நார் உரிந்தாற்போல, தரையில் படும் பாகம் முழுவதும் அடிப்பாகத்தினின்று பிரிந்து உரிந்திருந்தது. அது உபயோகித்த டயர் விற்கும் ஒரு கடையில் நான் வாங்கியது. ‘பட்டன் அப்படியே இருக்கிறது, ஐயா’ என்று கடைக்காரர் காட்டினார். நானும் விரலால் தடவிப்பார்த்து, சால்கள் ஆழமாயிருக்கக் கண்டு திருப்தியடைந்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றுதான். அந்த டயர் செய்யப்பட்டுப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

ஆகையால் இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்லவேண்டியது இதுவே: நமது கடற்கரை ஜில்லாவில், குறைவாக ஓடும் பழைய காரின் டயர் தேய்ந்து கெடுவதைவிட மூத்துக் கெடுவதே அதிகம். பட்டணத்து வாடகைக் காரின் டயர் இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்து மொட்டையாகிவிடும். அதற்கு மூப்படைய அவகாசமில்லை. நம் வண்டியின் டயரோ பட்டனெல்லாம் குறையாமலிருக்கும்போதே உள்ளே செத்துவிடுகிறது.

ரப்பர் மூப்படையும் விதம்.—ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதிப்படும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் 1839 ஆம் வருஷத்தில் கண்டார். எல்லா டயரும் இவ்விதம் பக்குவஞ்செய்த ரப்பரே. ஆனால் இந்தப் பக்குவம் தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து ரப்பரை நாளடைவில் இறுகச் செய்துகொண்டேயிருக்கின்றன. இறுகிய ரப்பர் வளையாது, வளையாதது வெடிக்கும். வெயிலும் ஓஸோன் வாயுவும் மேற்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்குகின்றன. இதைத் தடுக்க டயர் செய்வோர் ரப்பரில் ஒருவித மெழுகைக் கலந்திருக்கிறார்கள். சக்கரம் உருண்டு ரப்பர் நெளியும்போது அம்மெழுகு சிறிது சிறிதாக மேலே கசிந்து காப்புப் பூச்சாகப் படிகிறது. உருளாமல் நிற்கும் வண்டியில் இது சரிவர நடப்பதில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திய காரின் டயர்கள், ஓடிய டயர்களைவிட முன்னதாக வெடிப்புக் காண்பது இதனாலேயே.

இத்துடன் நமது பிரதேசத்திற்கே உரிய வேறொரு கேடும் உண்டு. அது உப்பு. மண்டபம் தொடங்கி இராமேசுவரம் தீவு முழுவதும் கடற்காற்று இரும்பை எவ்வளவு விரைவில் அரிக்கிறதென்பதைப் பாம்பன் இரயில் பாலத்தைப் பராமரித்து வந்தவர்கள் நன்கறிவர். 1914 இல் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு ஓயாமல் வண்ணம் பூசவேண்டியிருந்தது. டயருக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இக்காலத்து ரேடியல் டயரில், தரைபடும் பாகத்துக்கு அடியில் மெல்லிய எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் இருக்கின்றன. கருவேல முள் குத்தியதையோ, ஆணி ஏறியதையோ கவனியாமல் விட்டால், அத்துவாரத்தின் வழியே உப்பு நீர் உட்சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பியை ரப்பர் பற்றி நிற்காது. மேலே சொன்னபடி டயர் உரிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டயரின் மேலுள்ள எழுத்துக்கள்.—செய்யப்பட்ட காலத்தை அறிய, டயரின் பக்கச் சுவரில் ‘டி.ஓ.டி.’ என்ற ஆங்கில எழுத்துக்களையடுத்து வரும் வரிசையின் கடைசியிலோ, தனியாக ஒரு சிறு வட்டத்துக்குள்ளோ இருக்கும் நான்கு எண்களைத் தேடவேண்டும். 2324 என்றிருந்தால் 2024 ஆம் வருஷத்தின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். மூன்று எண்களே காணப்பட்டால் அது 2000 ஆம் வருஷத்துக்கு முந்திய சரக்கு; தொடவேண்டாம். இவ்வெண்கள் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே பதிந்திருக்கும். அந்தப் பக்கம் காருக்கு உட்புறமாக மாட்டப்பட்டிருந்தால், குனிந்து விளக்குப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். பார்ப்பதில் வெட்கமில்லை. விதை மூட்டையின் சான்றிதழ் அட்டையில் தேதி பாராமல் நாம் வாங்குகிறோமா?

புது டயர்தானே வாங்குகிறோம், தேதி எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய காருக்கு இது மிகவும் வேண்டியது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 இல் உற்பத்தி நின்ற மாருதி 800 இன் 12 அங்குல டயரையோ, அதே 2014 இல் நின்றுபோன அம்பாஸடரின் 15 அங்குல டயரையோ கேட்டு வருகிறவர்கள் சிறு ஊர்க் கடைகளில் இன்று குறைவு. கேட்பார் குறைந்த சரக்கு பரணில் காத்துக் கிடக்கும். அதை அறியாமல் வாங்குகிறவர், புது விலை கொடுத்துப் பாதி ஆயுளை வாங்குகிறார். செய்யப்பட்டு ஒரு வருஷத்துக்கு மேற்படாததையே கேட்டு வாங்குதல் நலம். கடையில் இல்லையேல், மதுரையிலிருந்து வரவழைத்துத் தரும்படி சொல்லி ஒரு வாரம் பொறுக்கலாம். டயர் செய்யும் கம்பெனிகளிற் சில, ஐந்து வருஷத்துக்குப்பின் வருஷந்தோறும் சோதிக்கவேண்டும் என்றும், பத்து வருஷமான டயர் பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருப்பினும் கழற்றிவிடவேண்டும் என்றும் கூறுகின்றன. இக்கடற்கரையில் நான் ஆறு வருஷத்துக்கு மேல் வைப்பதில்லை.

அடுத்தபடி அளவு. 145/70 ஆர் 12 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு, ‘ஆர்’ என்பது ரேடியல், சக்கரத்தின் விட்டம் 12 அங்குலம். அதற்குப் பின்வரும் 69 எஸ் என்பதில், 69 என்ற குறி அந்த டயர் 325 கிலோகிராம் தாங்கும் என்பதையும், ‘எஸ்’ என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது என்பதையும் காட்டும். வேகக் குறியைப்பற்றி நமக்குக் கவலையில்லை. பாரக் குறி கார்க் கம்பெனி குறித்ததற்குக் குறையாமலிருக்கவேண்டும். மிளகாய் மூட்டைகளைப் பின்னிருக்கையிலும் மேற்கூரையிலும் அடுக்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்க்கவேண்டும். 2009 ஆம் வருஷத்து மத்திய அரசாங்க உத்தரவின்படி மோட்டார் டயர்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

‘சற்றுப் பெரியதாய்ப் போட்டால் வண்டி உயரமாக நிற்கும், வரப்பிலும் மேட்டிலும் அடிபடாது’ என்று சிலர் 145/70 க்குப் பதிலாக 145/80 மாட்டிக்கொள்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். முதலாவதின் முழு விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். இரண்டாவதினது சுமார் 537. ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு பெரிது. வேகம் காட்டும் முள் 60 இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 63 க்கு மேல் ஓடும். சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது டயர் உள்விளிம்பில் உராயலாம். பழைய இஞ்சினுக்கு இழுவை குறையும். பிரேக்கும் முன்போல் பிடிக்காது. அகலமான டயரும் இப்படியே. பழைய கார்களுக்குப் பவர் ஸ்டீயரிங் இல்லாமையால், அகலம் கூடக்கூடக் கையிற் பாரம் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தேங்கிய நீரின்மேல் அகலமான டயர் மிதந்து வழுக்குவதும் சுலபம். கம்பெனி குறித்த அளவே போதும். அது கதவின் உட்பக்கத்து அட்டையிலோ, வண்டியின் கைப்புத்தகத்திலோ இருக்கும்.

நைலான் டயர் என்று நம்மவர் அழைப்பதில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் சென்று, மேலே பட்டையால் கட்டப்பட்டிருக்கும். 1946 இல் பிரான்ஸ் தேசத்து மிஷலின் கம்பெனி உரிமை பதிவுசெய்த முறை இது. வளைவுகளில் தரையை விடாமல் பற்றுவதிலும், சூடேறாமல் நெடுந்தூரம் ஓடுவதிலும், தேய்மானத்திலும் ரேடியலே மேல். கல்லும் முள்ளுமான வண்டித்தடத்திலேயே பெரும்பாலும் ஓடும் பழைய 16 அங்குல ஜீப்புக்கு மட்டும், பக்கச் சுவர் தடித்த நைலான் டயர் இன்னும் தக்கது என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் கலக்கலாகாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் இருந்தால், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வேறு வழியில்லாது கலக்க நேர்ந்தால் ரேடியல் ஜோடி பின்னச்சில்தான் இருக்கவேண்டும். ‘வண்டி ஸ்டீயரிங்கில் நிற்கவில்லை’ என்று முறையிடும் பழைய கார்க்காரர்களின் வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கு நான்கு விதமான டயர் இருப்பதை நான் பலமுறை கண்டதுண்டு. விலையுயர்ந்த ஒரு டயரும் மூன்று கதம்ப டயரும் வைத்திருப்பதைவிட, நடுத்தர விலையில் ஒரே விதமான நான்கு டயர் வைத்திருப்பவரின் கார் நேராக ஓடும்.

நான்கும் ஒருங்கே வாங்கப் பணமில்லாதவர் இரண்டு வாங்கலாம். அவற்றை எங்கே மாட்டுவது? திருப்புகிற சக்கரம் முன்னதாதலால் புதியதை முன்னே மாட்டவேண்டுமென்பது பொது எண்ணம். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். உண்மை மாறானது. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். அதைத் திருத்தத் தேர்ந்த ஓட்டிகளுக்கே முடிவதில்லை. ஆகவே புது ஜோடி பின்னே. இருந்தவற்றில் நல்ல ஜோடி முன்னே. முன்னே போகும் அந்த ஜோடியும் மோசமாயிருப்பின், கடன் வாங்கியேனும் நான்கையும் மாற்றவேண்டியதுதான்.

முள்ளும் டியூபும்.—நமது ஊர்ப் பாதைகளில் சீமைக் கருவேல முள்ளைத் தவிர்க்க வழியில்லை. டியூப் உள்ள டயரில் முள் ஏறினால் சற்று நேரத்தில் காற்று முழுவதும் இறங்கிவிடும். டியூப் இல்லாத டயரில் ரப்பர் முள்ளையே கவ்விக்கொள்வதால் மெதுவாக இறங்கும். பஞ்சர்க் கடை வரை வந்து சேரலாம். வண்டியின் சக்கரம் அதற்கென்று செய்யப்பட்டதாயிருந்தால் டியூப் இல்லாத டயரே சிறந்தது. அம்பாஸடர், பழைய ஜீப்பு முதலியவற்றின் சக்கரங்கள் டியூபுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் டியூப் இல்லாமல் ஓட்டினால் வளைவில் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக்கூடும். டயர் மாற்றும்போது டியூபையும் சேர்த்துப் புதிதாக்கவேண்டும். பழைய டியூப் புது டயருக்குள் மடிந்து அறுந்துபோம். சக்கர விளிம்பில் உப்புத் துரு இருப்பின் கம்பித் தூரிகையால் சுரண்டி வண்ணம் பூசியபின்பே டயரை ஏற்றவேண்டும். துருப் பொருக்கு டியூபை அறுக்கும். டியூப் இல்லாத டயரில் அதன் வழியே காற்றுக் கசியும். கசிவு எங்கேயென்று தெரியாமல் வாரம் இருமுறை காற்றடித்துக்கொண்டிருப்பவர்கள், இராமேசுவரம் பக்கத்தில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இந்த விளிம்பே. பஞ்சர் ஒட்டுவதிலும், வெளியிலிருந்து ரப்பர்த் திரியைச் செருகுவது அப்போதைக்கு உதவுவது. டயரைக் கழற்றி உட்புறம் சோதித்து உள்ளிருந்து ஒட்டுவதே நிலையானது. பக்கச் சுவரில் குத்தியதை ஒட்டவே கூடாது.

ரீட்ரெட் டயரைப்பற்றியும் கேட்கிறார்கள். 1942 இல் ஜப்பானியர் மலேயாவைக் கைப்பற்றியபின் உலகெங்கும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த யுத்த காலத்தில் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிவாயுவால் வண்டி ஓட்டும் கருவி செய்வித்ததோடு, தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்றும் தொழிற்சாலையும் ஏற்படுத்தினார். பஸ், லாரி டயர்களுக்கு அம்முறை இன்றும் சிக்கனமானது. அவற்றின் அடிப்பாகம் இரண்டாம் ஆயுளைத் தாங்கும்படி உரமாகச் செய்யப்பட்டது. கார் டயரின் அடிப்பாகம் மெல்லியது. அதிலும் மூத்துப்போன டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டுவது, கறையான் அரித்த தூணுக்குச் சுண்ணாம்பு பூசுவது போலாம். உபயோகித்த டயரை வாங்கியே தீரவேண்டியவர்கள், நான்கு வருஷத்துக்கு உட்பட்டதா, உட்புறத்தில் ஒட்டும் மடிப்பும் இல்லையா, பக்கச் சுவரில் புடைப்பில்லையா என்று, சக்கரத்தில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும். விரலால் ரப்பரை வளைத்து, வெடிப்புத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விலை விஷயத்தில் ஒரு நற்செய்தி. 2025 செப்டம்பர் 22 ஆம் தேதி முதல் புது மோட்டார் டயர்மீதுள்ள சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28 இலிருந்து 18 ஆகவும், டிராக்டர் டயருக்கு 18 இலிருந்து 5 ஆகவும் குறைக்கப்பட்டது. பில் இல்லாமல் வாங்கினால் மலிவென்று கடையில் சொன்னால் இசையவேண்டாம். பில் இல்லாத டயருக்குக் கம்பெனியின் உத்தரவாதமும் கிடைக்காது. விலையைத் தனியே ஒப்பிடுவதைவிட, அதை எத்தனை வருஷம் ஓட்டப்போகிறோமோ அத்தனையால் வகுத்துப் பார்க்கலாம். மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கிடைக்கும் பழைய டயர் இரண்டு வருஷத்தில் கழியுமானால், ஆறு வருஷம் உழைக்கும் புது டயரைவிட அது இரட்டிப்பு விலையாகும்.

டயர் நன்றாயிருந்தும் காற்றுச் சரியில்லையேல் பயனில்லை. சதுர அங்குலத்துக்கு எத்தனை இராத்தல் என்று கம்பெனி குறித்திருக்கிறதோ அதையே, காலையில் வண்டி ஓடுமுன் குளிர்ந்த நிலையில் அளந்து அடைக்கவேண்டும். பாரம் ஏற்றும் நாளில் பின்சக்கரத்துக்கு எவ்வளவு கூட்டவேண்டுமென்பதும் அதே அட்டையில் இருக்கும். நைட்ரஜன் அடைப்பதால் நமக்கு விசேஷ லாபமில்லை. பத்து நாளுக்கொருமுறை அளவு பார்ப்பதே போதும். 1988 இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் பக்கவாட்டுக் காற்று பலமாயிருக்கும் நாளில், பின்சக்கரத்தில் காற்றுக் குறைந்த காரைச் செலுத்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வண்டி மதம் பிடித்தாற்போல் ஆடும். அரிச்சல்முனை வரை 2017 இல் சாலை திறக்கப்படுமுன், தனுஷ்கோடி மணலில் ஜீப்பு ஓட்டியவர்கள் சக்கரம் புதையாதிருக்கக் காற்றைக் குறைப்பது வழக்கம். இன்றும் கடற்கரை மணலில் இறங்குகிறவர் அவ்வாறு செய்யலாம். ஆனால் தார்ச் சாலையில் ஏறியவுடன் மறுபடி அடைக்காமல் வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். திரும்பி வந்தபின் சக்கரங்களை நல்ல தண்ணீரால் கழுவவும் வேண்டும். புது டயர் மாட்டும் அன்றே அலைன்மெண்டும் பார்த்துவிடவேண்டும். பழைய காரில் ஸ்டீயரிங் மூட்டுகள் தேய்ந்திருந்தால் எந்த டயரும் ஓரந்தேய்ந்துபோம்.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே தணிந்தபின் ஓரமாக ஒதுங்கவேண்டும். வண்டியை ஓட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நலம்.

தரைபடும் பாகத்தின் சால்களுக்கிடையே சிறு மேடுகள் சில வைக்கப்பட்டிருக்கும். ரப்பர் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டதென்று அறியலாம். மோட்டார் வாகன விதிகளின்படி அதற்கும் குறைந்த டயருடன் காரை ஓட்டக்கூடாது. பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது இதையும் பார்ப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீட்டராவது இருப்பது உத்தமம். ஸ்டெப்னியின் தேதியையும் மறவாமல் பார்க்கவும். வண்டியோடு வந்த ஸ்டெப்னி ஒருமுறையும் கழற்றப்படாமல் பதினைந்து வருஷம் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அது சவம் சுமப்பது போன்றது.

கழித்த டயர்களைக் கொல்லையில் போட்டுவைத்தால் மழைநீர் உள்ளே தேங்கி, டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். தோட்டக் கிணற்றோரத்திலும் சாவடிப் புறத்திலும் கிடக்கும் இத்தகைய டயர்களைப் புரட்டாசி முடிவதற்குள் அப்புறப்படுத்தும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டும். புது டயர் வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அடிப்புறத்தில் நாலைந்து துளையிட்டு வைக்கவும்.